பாதியில் நிற்கும் தோட்ட வேலை: அட்வான்ஸ் வாங்கிய கான்ட்ராக்டர் ஏன் திரும்பி வருவதில்லை? நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டு லோன், மரவேலை, பெயின்டிங் எல்லாம் முடிந்து, கையில் மிச்சமிருக்கும் கடைசிப் பணத்தில் பெரும்பாலும் செய்யும் வேலை தோட்டம். வீடு கட்ட அக்ரிமென்ட் போடுகிறோம், இன்ஜினியரிடம் கேட்கிறோம், பேங்க்கும் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துத்தான் பணம் விடுகிறது. தோட்டம் என்று வந்தால் மட்டும் வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ, ஒரு பக்கக் கொட்டேஷன், "பாதி அட்வான்ஸ் போட்டுடுங்க சார், திங்கட்கிழமை ஆள் இறக்கிடலாம்" என்ற ஒரு வரி. அவ்வளவுதான் ஒப்பந்தம்.

திங்கட்கிழமை ஆள் வருகிறது. மண்ணைத் தோண்டுகிறார்கள், பேவர் பிளாக் வந்து இறங்குகிறது. இரண்டு வாரம் கழித்து ஆள் குறைகிறது. பிறகு போன் எடுப்பது குறைகிறது. "நாளைக்கு வந்துடுவாங்க" என்ற பதில் மட்டும் தவறாமல் வருகிறது. வீட்டு வாசலில் பள்ளம், மழை பெய்தால் சேறு, பைகளில் வாடும் செடிகள்.

இதில் உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது, எந்த வரிசையில் என்ன செய்ய வேண்டும், எங்கே புகார் செய்யலாம்? முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வியிலிருந்து தொடங்குவோம்.

அவர் ஏன் வருவதில்லை? ஒரு சின்ன கணக்கு

கான்ட்ராக்டர் நல்லவரா, ஏமாற்றுக்காரரா என்று யோசிப்பதற்கு முன்னால், அவர் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உதாரணத்துக்கு 4 லட்சம் ரூபாய் வேலை. ஆரம்பத்தில் 50%, மெட்டீரியல் இறங்கியதும் 30%, முடிந்ததும் 20% என்று பேச்சு. கல்லும் மண்ணும் இறங்கியதும் நீங்கள் கொடுத்திருப்பது 3,20,000 ரூபாய். ஆனால் நடந்திருக்கும் வேலையின் மதிப்பு 1,60,000 ரூபாய்தான் என்று வைத்துக்கொள்வோம்.

இன்னும் 2,40,000 ரூபாய் மதிப்புள்ள வேலை பாக்கி. அதில் 20% அவருக்கு லாபம் என்றால், அதை முடிக்க அவருக்கு ஆகும் செலவு 1,92,000 ரூபாய். முடித்தால் உங்களிடமிருந்து அவருக்குக் கிடைக்கப்போவது 80,000 ரூபாய். அதாவது, உங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தால் அவர் கையிலிருந்து 1,12,000 ரூபாய் இறங்கும்.

அந்தப் பணம் அவரிடம் இருக்க வேண்டுமே? பல சிறிய கான்ட்ராக்டர்களிடம் இருக்காது. உங்கள் அட்வான்ஸ் முந்தைய சைட்டின் கூலிக்கும், நர்சரி பாக்கிக்கும் போயிருக்கும். உங்கள் வேலையை முடிக்க அடுத்த சைட்டின் அட்வான்ஸ் வர வேண்டும். இந்தச் சுழற்சி ஓடும் வரை எல்லோருக்கும் வேலை நடக்கும். எங்கேயாவது ஒரு சைட் தள்ளிப்போனால், வரிசையில் யாரோ ஒருவர் மாட்டிக்கொள்வார். பெரும்பாலும் ஏற்கெனவே அதிகப் பணம் கொடுத்துவிட்டவர்தான்.

இதே வேலைக்கு வேறு மாதிரிப் பணம் பிரித்திருந்தால்? அட்வான்ஸ் 10%, ஒவ்வொரு கட்டமும் முடிந்தபின் அந்தக் கட்டத்தின் மதிப்பில் 80%, கடைசி 10% செடி பிடித்த பிறகு. மொத்தம் 100% வருகிறது. இப்படிப் பிரித்திருந்தால், 1,60,000 ரூபாய் வேலை நடந்திருக்கும் நேரத்தில் முதல் கட்டம் முடிந்து, இரண்டாவது கட்டம் முக்கால்வாசிக்கு மேல் ஆகியிருக்கும். முதல் கட்டத்தின் மதிப்பு 70,000 என்றால் நீங்கள் கொடுத்திருப்பது 40,000 அட்வான்ஸும் 56,000-மும் சேர்த்து 96,000 ரூபாய். அவருக்கு வர வேண்டிய பாக்கி 3,04,000. முடிக்க ஆகும் செலவு அதே 1,92,000. திரும்பி வந்தால் அவருக்குக் கையில் நிற்பது 1,12,000 ரூபாய்.

அதே கான்ட்ராக்டர், அதே வேலை, அதே 1,12,000 ரூபாய். ஒரு கணக்கில் அது அவருக்கு நஷ்டம், இன்னொன்றில் வரவு. தோட்ட வேலை முடியுமா முடியாதா என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு எண்தான் தீர்மானிக்கிறது. கீழே வரும் சட்டம், நோட்டீஸ், புகார் எல்லாமே இந்த எண் கைவிட்டுப் போன பிறகு செய்யும் வைத்தியம்.

வேலை தொடங்கும் முன் எதை எழுத வேண்டும்?

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி வாய்மொழி ஒப்பந்தமும் ஒப்பந்தம்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு மின்னணு வழியில் செய்த ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. எனவே "ஸ்டாம்ப் பேப்பர்ல போடலையே" என்று பயப்பட வேண்டாம். பிரச்சினை வேறு: வாட்ஸ்அப்பில் பேசியது இருக்கும், ஆனால் அதில் அளவு இருக்காது.

"கார்டன் வேலை, லான், பாத்வே, செடிகள்: லம்ப்சம் 4 லட்சம்" என்று எழுதிய கொட்டேஷனில் பாதி வேலை என்றால் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. எழுத வேண்டியவை இவை:

மண்: எத்தனை யூனிட்? ஒரு யூனிட் என்பது 100 கன அடி. மகாராஷ்டிராவில் இதையே பிராஸ் என்பார்கள். 1,000 சதுர அடி லானுக்கு அரை அடி உயரம் மண் போட 500 கன அடி, அதாவது 5 யூனிட் வேண்டும். "ரெண்டு லோடு செம்மண்" என்று எழுதினால் லாரியின் அளவை வைத்து யாரும் எதையும் சொல்லலாம்.

புல்: எந்த வகை? கொரியன் கிராஸா, பெர்முடாவா? நிழல் விழும் இடமா? பாய் மாதிரி அடுக்கித் தருவாரா, இடைவெளி விட்டுத் துண்டு துண்டாக நடுவாரா? இரண்டுக்கும் கொட்டேஷனில் "லான்" என்றுதான் எழுதியிருக்கும். விலையோ வேறு, பச்சையாக மூடும் காலமும் வேறு.

வாட்டம்: தண்ணீர் வீட்டை விட்டு வெளியே ஓட வேண்டும். 2% வாட்டம் என்றால் 20 அடி தூரத்தில் கிட்டத்தட்ட 5 அங்குலம் இறக்கம். மண் மட்டம் வீட்டின் தரைமட்டத்துக்குக் குறைந்தது அரை அடி கீழே நிற்க வேண்டும். இல்லையென்றால் சுவரில் ஈரம் ஏறும். இது தோட்டக் கணக்கில் வராது, பெயின்டிங் கணக்கில் வரும்.

செடி: பெயர், எண்ணிக்கை, உயரம், பையின் அளவு. "அலங்காரச் செடிகள் 50" என்றால் ஒரு அடிக் கன்றும் ஒன்று, நாலு அடிச் செடியும் ஒன்று.

பிடிக்கும் பொறுப்பு: எத்தனை நாளுக்குள் பட்டுப்போனால் மாற்றித் தருவார்? 60 அல்லது 90 நாள் என்று பேசலாம். மண்ணோடு கோரைக் கிழங்கு வந்தால் சில வாரம் கழித்துத்தான் கோரை தலைதூக்கும். அதனால்தான் கடைசி 10% அந்த நாட்கள் முடியும் வரை உங்களிடம் இருக்க வேண்டும்.

தேதி: தொடங்கும் தேதி, ஒவ்வொரு கட்டமும் முடியும் தேதி. அதோடு ஒரு வரி: "இந்தத் தேதிகள் இந்த ஒப்பந்தத்தில் முக்கியமானவை, தேதி தவறினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்." இந்த வரி ஏன் தேவை என்பதைக் கீழே பார்ப்போம்.

"மெட்டீரியல் வாங்கவே பணம் வேணுமே, 10% எப்படிப் பத்தும்?" என்று கான்ட்ராக்டர் கேட்பார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் பெரிய அட்வான்ஸ் இல்லை. பேவர் பிளாக், மண், செடி எல்லாவற்றுக்கும் கடைக்கு நீங்களே நேரடியாகப் பணம் கட்டுங்கள். பில் உங்கள் பெயரில் வரட்டும். பொருள் உங்கள் வீட்டில் இறங்கட்டும். அவருக்குக் கூலியும் அவருடைய லாபமும் மட்டும். இதற்கும் ஒத்துக்கொள்ளாதவரிடம் வேலையை ஒப்படைக்கும் முன் இன்னொரு முறை யோசிக்கலாம்.

பணம் யு.பி.ஐ.யிலோ பேங்க் வழியாகவோ போகட்டும். அனுப்பும்போது குறிப்பு எழுதும் இடத்தில் "தோட்டம், 2-ஆம் கட்டம்" என்று எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து எந்தப் பணம் எதற்கு என்று நிரூபிக்க அந்த மூன்று வார்த்தை உதவும்.

தாமதமா, ஏமாற்றா? எப்படிப் பிரிப்பது?

எல்லாத் தாமதமும் கான்ட்ராக்டரின் தவறு இல்லை. மழையில் மண் வேலை நடக்காது. பண்டிகைக்கு ஊருக்குப் போன வட மாநிலத் தொழிலாளர்கள் திரும்ப நாளாகலாம். நடுவில் "இங்க ஒரு சின்ன ஃபவுன்டன் வச்சுடலாமா?" என்று நாம் கேட்பதும் தேதியைத் தள்ளும். நீங்கள் மாற்றம் சொன்னால், அதற்கு எவ்வளவு பணம், எத்தனை நாள் கூடும் என்று அன்றே மெசேஜில் கேட்டு வாங்கிவிடுங்கள். பின்னால் "நீங்கதான் டிசைன் மாத்துனீங்க" என்பது அவருடைய முதல் பதிலாக இருக்கும்.

மற்றபடி மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். காரணத்தை அவர் தேதிக்கு முன்னால் சொல்கிறாரா, நீங்கள் கேட்ட பிறகா? சொன்ன காரணத்தைச் சரிபார்க்க முடிகிறதா? முடிக்காத கட்டத்துக்கு மேலும் பணம் கேட்கிறாரா? மூன்றாவதுக்குப் பதில் "ஆமாம்" என்றால், மேலே பார்த்த சுழற்சியில் நீங்கள் மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். "இன்னும் ஒரு ஐம்பதாயிரம் போடுங்க, நாளைக்கே முடிச்சிடுறேன்" என்ற இடத்தில் பணம் போடாதீர்கள். அந்த ஐம்பதாயிரம் அவர் திரும்பி வருவதற்கான காரணத்தை இன்னும் குறைக்கும்.

"பரவாயில்லண்ணா" என்ற மெசேஜ் ஏன் ஆபத்து?

நம் ஊர்ப் பழக்கம், ஒருவர் தாமதத்துக்கு வருத்தம் சொன்னால் "பரவாயில்லண்ணா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிடுவது. சட்டத்தில் அதற்கு ஒரு விலை இருக்கிறது.

ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்வதை எளிமையாக இப்படிப் பிரிக்கலாம்:

தேதி ஒப்பந்தத்தின் முக்கிய அம்சமாக இருந்து, அது தவறினால், நீங்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம்.

தேதி அப்படி முக்கியம் என்று இல்லாவிட்டால், ரத்து செய்ய முடியாது. தாமதத்தால் வந்த நஷ்டத்தை மட்டும் கேட்கலாம். கட்டுமான வேலைகளில் வெறுமனே ஒரு தேதி எழுதியிருந்தால் அதை நீதிமன்றங்கள் பொதுவாக முக்கிய அம்சமாக எடுத்துக்கொள்வதில்லை. அதற்காகத்தான் மேலே சொன்ன அந்த ஒரு வரி.

தேதி முக்கியமாக இருந்தும், அது தவறியபின் தாமதமான வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால், அந்தத் தாமதத்துக்குப் பின்னால் நஷ்டஈடு கேட்க முடியாது. ஏற்றுக்கொள்ளும்போதே "நஷ்டஈடு கேட்பேன்" என்று தெரிவித்திருந்தால் மட்டும் கேட்கலாம்.

எனவே தேதி தவறிய அன்றே ஒரு மெசேஜ் போதும். சண்டை போட வேண்டியதில்லை: "அண்ணா, நேத்து முடிக்க வேண்டிய நடைபாதை வேலை முடியலை. வேலையைத் தொடருங்க. ஆனா தாமதத்தால் வரும் நஷ்டத்தைக் கேட்கும் உரிமையை நான் விட்டுக்கொடுக்கலை." கொஞ்சம் வறட்டுத்தனமாகத் தெரியும். ஆனால் மரியாதையும் குறையவில்லை, உரிமையும் போகவில்லை. போனில் பேசினாலும், பேசி முடித்ததும் "இப்ப பேசினதுபடி வியாழக்கிழமை நாலு ஆள் வருவாங்க" என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

தாமதமானால் நாளுக்கு 1,000 ரூபாய் கழிப்பேன் என்று ஒப்பந்தத்தில் எழுதலாமா? எழுதலாம். ஆனால் 74-ஆவது பிரிவின்படி, எழுதிய தொகை உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான நஷ்டஈடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும்.

கடைசி நோட்டீஸ்: என்ன எழுத வேண்டும்?

இரண்டு, மூன்று தேதிகள் தவறிவிட்டன என்றால், அடுத்து ஒரு கடைசித் தேதியோடு எழுத்தில் நோட்டீஸ். ஒப்பந்தத்தில் தேதி முக்கியம் என்று எழுதாமல் விட்டிருந்தாலும், நியாயமான அவகாசம் கொடுத்து அதைக் கடைசித் தேதி என்று இப்போது அறிவிக்கலாம். வக்கீல் இல்லாமலேயே இதை எழுதலாம். உதாரணம்:

"மார்ச் 10 தேதியிட்ட உங்கள் கொட்டேஷனின்படி மொத்தத் தொகை 4,00,000 ரூபாய். இதுவரை நான் கொடுத்தது 3,20,000 ரூபாய். முடிக்க வேண்டிய தேதி மே 15. ஏப்ரல் 28-க்குப் பிறகு வேலை நடக்கவில்லை. பாக்கி வேலை: நடைபாதை 300 சதுர அடி, லான் 1,000 சதுர அடி, செடிகள் 46, சொட்டுநீர்க் குழாய் முழுவதும். ஜூன் 5-ஆம் தேதிக்குள் இவற்றை முடித்துத் தர வேண்டும். இது கடைசித் தேதி. முடிக்காவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு, வேறொருவரை வைத்து வேலையை முடித்து, கூடுதல் செலவை உங்களிடம் கேட்பேன்."

வாட்ஸ்அப், இமெயில் இரண்டிலும் அனுப்புங்கள். டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியோடு ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். முகவரி தெரியாது என்றால் கொட்டேஷன், ஜி.எஸ்.டி. பில், விசிட்டிங் கார்டு எதிலாவது இருக்கும். வேலை தொடங்கும் முன்பே முகவரி வாங்கிவைப்பது இதற்காகத்தான்.

வேறு ஆளை வைக்கும் முன் அளந்துவிடுங்கள்

கடைசித் தேதி முடிந்ததும் பலர் செய்வது, அடுத்த நாளே புது ஆளைக் கூப்பிட்டு வேலையைத் தொடங்கிவிடுவது. அப்படிச் செய்தால் பழையவர் எவ்வளவு செய்தார் என்பதற்கான ஆதாரம் மண்ணுக்குள் போய்விடும்.

முதலில் டேப் வைத்து அளந்து, ஒவ்வொரு பகுதியையும் வீடியோ, போட்டோ எடுங்கள். மண்ணின் ஆழத்தை நாலு இடத்தில் தோண்டிக் காட்டுங்கள். செடிகளை எண்ணுங்கள். முடிந்தால் சம்பந்தமில்லாத ஓர் இன்ஜினியரிடமோ லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டிடமோ ஒரு பக்க அளவு ரிப்போர்ட் வாங்குங்கள். அளக்கும் நாளைப் பழைய கான்ட்ராக்டருக்கும் சொல்லி, "வந்து பாருங்கள்" என்று அழையுங்கள். அவர் வராவிட்டாலும், அழைத்தது பதிவில் இருக்கும்.

பிறகு, பாக்கி வேலைக்கு மட்டும் குறைந்தது இரண்டு கொட்டேஷன். புதியவர் 2,90,000 ரூபாய் கேட்கிறார் என்றால் உங்கள் மொத்தச் செலவு 3,20,000 + 2,90,000 = 6,10,000 ரூபாய். பேசிய தொகை 4,00,000. நஷ்டம் 2,10,000 ரூபாய். 73-ஆவது பிரிவின்படி நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டின் அடிப்படை இந்த எண்தான். நஷ்டத்தைக் குறைக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் அந்தப் பிரிவு பார்க்கச் சொல்கிறது. எனவே புதியவரிடம் இன்னும் உசத்தியான கல்லைப் போட்டுவிட்டு, அந்த விலையைப் பழையவரிடம் கேட்க முடியாது.

இரண்டாவது முறையில் பணம் பிரித்திருந்தால்? 96,000 + 2,90,000 = 3,86,000 ரூபாய். நஷ்டமே இல்லை. கோர்ட்டும் தேவையில்லை.

எங்கே புகார் செய்வது?

நுகர்வோர் ஆணையம்: சொந்த வீட்டுக்காகப் பணம் கொடுத்து வாங்கும் தோட்ட வேலை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்கீழ் 'சேவை'. பாதியில் விடுவது சேவைக் குறைபாடு. ரிசார்ட் போன்ற வணிக இடத்துக்காகச் செய்திருந்தால் இந்தக் கதவு பொதுவாகத் திறக்காது.

கொடுத்த பணம் 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்.

வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்கு முக்கியமான விஷயம்: நீங்கள் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள ஆணையத்தில் புகார் செய்யலாம். திருநெல்வேலியில் அப்பா அம்மா இருக்கும் வீட்டுக்கு நீங்கள் பேசிப் பணம் அனுப்பிய தோட்ட வேலைக்கு, பெங்களூருவிலோ புனேயிலோ புகார் செய்ய முடியும். கொட்டேஷனின் அடியில் "தகராறுகள் ஆர்பிட்ரேஷனுக்கு மட்டுமே" என்று அச்சடித்திருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பதை எம்மார் எம்.ஜி.எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிசெய்தது.

எதிர்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 3 மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட அதிகமாகும், சில வழக்குகள் வருடக்கணக்கில் போகும். தீர்ப்பு வந்தும் பணம் தராவிட்டால், 72-ஆவது பிரிவின்படி குறைந்தது ஒரு மாதம் முதல் 3 வருடம் வரை சிறையோ, 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

1915: தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலும் பேசலாம். இது கோர்ட் இல்லை, உத்தரவு போடாது. ஆனால் வழக்குக்கு முன் சமரச முயற்சிக்கும், வழி கேட்கவும் பயன்படும்.

போலீஸ்: "ஏமாத்திட்டான், எஃப்.ஐ.ஆர். போடுங்க" என்பதுதான் பலரின் முதல் எண்ணம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவு மோசடி பற்றியது. பழைய 420-க்குப் பதிலாக வந்தது. ஆனால் ஒப்பந்தத்தை மீறியதாலேயே அது மோசடி ஆகிவிடாது, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. பொய் முகவரி, போலி ஜி.எஸ்.டி. எண், ஒரே மாதத்தில் பலரிடம் அட்வான்ஸ் வாங்கி யாரிடமும் வேலை தொடங்காதது போன்றவை இருந்தால் போலீஸ் புகாருக்கு வலு இருக்கிறது. பாதி வேலை செய்துவிட்டுப் போனவர்மீது அது நிற்பது கஷ்டம்.

செக் கொடுத்தால்: நெருக்கினால் சிலர் பணத்தைத் திருப்பித் தருவதாகச் செக் கொடுப்பார்கள். அது பணமில்லாமல் திரும்பினால் தேதிகளைக் கவனியுங்கள். பேங்க் தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்தபின் அவருக்கு 15 நாள் அவகாசம். அதற்கும் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். இது செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவின்கீழ் வருவது. 2 வருடம் வரை சிறையோ, செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 'செக் கையில இருக்கே' என்று நாளைக் கடத்தினால் இந்த வாய்ப்பு போய்விடும்.

பில்டர் சொன்ன தோட்டமா? வில்லா அல்லது ஃபிளாட் வாங்கும்போது புரோஷரில் தோட்டம் காட்டி, செய்யாமல் விட்டால் அது வேறு விஷயம். ரெரா சட்டத்தின்கீழ் உங்கள் மாநில ரெரா ஆணையத்தில் புகார் செய்யலாம். நீங்கள் தனியாக அமர்த்திய கான்ட்ராக்டர் ரெராவுக்குள் வரமாட்டார்.

எந்த வழியில் போனாலும் வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. முழு உரையாடலையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்து, அந்த போனையும் வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்தோடு கொடுக்க வேண்டிய சான்றிதழ் பற்றி பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு சொல்கிறது.

செய்யக் கூடாதவை

வாசலில் விட்டுப்போன கருவிகளைப் பூட்டி வைத்துக்கொண்டு "பணத்தைக் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போ" என்று சொல்லாதீர்கள். புகார் உங்கள்மேலேயே திரும்பலாம். பட்டியல் எழுதி, போட்டோ எடுத்து, எடுத்துச் செல்லும்படி மெசேஜ் அனுப்புங்கள்.

ஆன்லைன் ரிவ்யூவில் 'திருடன்' என்று எழுத வேண்டாம். எந்தத் தேதி, எவ்வளவு பணம், எது நடக்கவில்லை என்று மட்டும் எழுதுங்கள். அடுத்து அட்வான்ஸ் போடப்போகிறவருக்குத் திட்டைவிடத் தேதிதான் உதவும்.

வேலையாட்கள்மேல் கோபத்தைக் காட்டாதீர்கள். கான்ட்ராக்டர் உங்களுக்குப் போன் எடுக்காத வாரத்தில், மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமைச் சம்பளமும் பெரும்பாலும் வந்திருக்காது. அவர்கள் உங்கள் வாசலுக்கு வந்தால், உங்களிடம் இன்னும் பாக்கித் தொகை இருந்தால், "இவர்களுடைய கூலியை நேரடியாகக் கொடுத்துப் பாக்கியில் கழித்துக்கொள்கிறேன்" என்று கான்ட்ராக்டரிடம் எழுத்தில் சம்மதம் கேட்டு, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். சில வீடுகளில் மிச்ச வேலையை அதே மேஸ்திரியே முடித்துத் தருவார். குழாய் எங்கே போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

எப்போது விட்டுவிடலாம்?

நஷ்டம் 2,10,000 ரூபாய் என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. நஷ்டம் 20,000 ரூபாய் என்றால், நீங்கள் எடுக்கும் லீவு நாட்களின் சம்பளத்தையும் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது: நோட்டீஸ் போன பிறகு கான்ட்ராக்டர் பேச வந்தால், முழுப் பணத்துக்கு நிற்காமல், "நர்சரியில் நீங்கள் பாக்கி வைத்திருக்கும் செடிகளை இறக்கிவிடுங்கள், இவ்வளவு பணத்தை இரண்டு தவணையில் திருப்பிக் கொடுங்கள்" என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போடலாம். அவரிடம் பணம் இல்லாவிட்டாலும் ஆளும் கருவியும் இருக்கும். அதை வாங்கிக்கொள்வதும் வசூல்தான்.

கடைசியாக, இப்போது வேலை நடந்துகொண்டிருப்பவர்களுக்கு ஒன்று. இன்று சாயங்காலம் ஒரு பேப்பரை எடுத்து இரண்டு எண்களை எழுதுங்கள்: இதுவரை கொடுத்த பணம், இதுவரை நடந்த வேலையின் மதிப்பு. முதல் எண் பெரிதாக இருந்தால், அடுத்த தவணை போகும் முன் வேலை அந்த அளவுக்கு வந்து சேரட்டும். கான்ட்ராக்டர் நல்லவராக இருந்தால் அவருக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை.